தலைமன்னார்த் துறையும் ஒரு வயலின் கலைஞரின் வரலாறும்

இசைக் கலைஞரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டையே கையாண்டு வந்துள்ளனர். குடும்பத்தின் இசைப் பாரம்பரியம், மழலைப் பருவத்திலேயே வெளிப்பட்ட ஞானம், குருவருள், முதல் மேடை, பெரியோர் வாழ்த்து, பட்டங்களின் நிரல் என்றவாறு அது அமையும். அடியார் வரலாறுகளைப் பாடிய பழைய மரபின் சாயல் இவ்வெழுத்துக்களிற் படிந்திருப்பதை உணர்வதற்கு அதிக ஆராய்ச்சி வேண்டியதில்லை. கலைஞர் எவ்விடத்தில் வேலை பார்த்தார், யார் ஊதியம் கொடுத்தனர், எவ்வழியாகப் பயணஞ் செய்தார், எந்த அரசின் எந்தச் செயல் அவர் வாழ்வைத் திசைதிருப்பிற்று என்பன போன்ற வினாக்கள் இவ்வாய்பாட்டினுள் இடம்பெறுவதில்லை. இடம்பெற்றாலும் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும்.

வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியம் பற்றிய குறிப்புகளில் அத்தகைய வாக்கியம் ஒன்றுண்டு. 1947 யூலை 23ஆம் திகதி சென்னையிற் பிறந்த அவர் இளமைப் பருவத்தை யாழ்ப்பாணத்திற் கழித்தார். 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் குடும்பம் இந்தியா சென்றது. ஏறத்தாழ எல்லாக் குறிப்புகளும் இவ்வளவோடு அமைதியடைந்து, சென்னை மேடைகளுக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் விரைந்து விடுகின்றன. அவ்வொரு வாக்கியத்தினுள் அடங்கிக் கிடப்பது யாது என்று நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி. அதனை நோக்குதற்கு ஏற்ற இடம் சென்னையுமன்று, யாழ்ப்பாணமுமன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட மன்னார்த் தீவே அவ்விடம் என்பது எமது துணிபு.

1914ஆம் ஆண்டில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார்த் துறை வரை புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டிற் பாம்பன் பாலமும் பாவனைக்கு வந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 22 மைல் கடலைக் கப்பல் இணைத்தது. சென்னை எழும்பூரில் ஏறியவர் கொழும்புக் கோட்டையில் இறங்கும் வரைக்கும் ஒரே பயணமாக அமைந்த இவ்வொழுங்கினை ஆட்சியாளர் தோட்டத் தொழிலாளரையும் தபாலையும் மனத்திற் கொண்டே ஏற்படுத்தினர். இசைக் கலைஞர் அதன் உபபயனாளிகள். நல்லூர், மாவிட்டபுரம் முதலான ஆலயத் திருவிழாக்களுக்கு நாகசுர தவில் குழுக்கள் தமிழகத்திலிருந்து வருவதும், யாழ்ப்பாணச் சபைகள் சென்னைப் பாடகரை அழைப்பதும், பிள்ளைகளை இசை கற்க அண்ணாமலைக்கும் சென்னைக்கும் அனுப்புவதும் இப்போக்குவரத்து இருந்தமையாலேயே வழக்கமாயின. ஒருவழிப் போக்காக மட்டும் இதனைக் கருதுதல் தவறு. இணுவிலில் உருவான தவில் மேதை தட்சணாமூர்த்தி (1933–1975) தமிழகத்து மேடைகளை ஆட்கொண்டதும் இக்கடலைக் கடந்தே.

இப்பகைப்புலத்திலேயே சுப்பிரமணியத்தின் தந்தையார் வி. லட்சுமிநாராயணாவின் யாழ்ப்பாண வாழ்க்கையை வைத்து நோக்குதல் வேண்டும். தமிழகத்து வயலின் வித்துவான் ஒருவர் யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக நிலைகொண்டமை தற்செயலன்று. சைவ மத்தியதர வர்க்கம் தன் பெண்பிள்ளைகளுக்கு இசைக் கல்வியை விரும்பத் தொடங்கியிருந்தது. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரப்படுத்திய தேர்வுகளை நடத்திற்று. பாடசாலைகள் சங்கீத ஆசிரியரை நியமித்தன. இலங்கை வானொலி கலைஞருக்கு வேதனமளிக்கும் இன்னொரு நிறுவனமாயிற்று. அரசவை ஆதரவு மறைந்து, சபா ஆதரவு சிலருக்கே வாய்த்திருந்த காலத்தில், மாதச் சம்பளம் பெறும் ஆசிரியன் என்னும் புதுவகைக் கலைஞனை இலங்கைத் தமிழ்ச் சூழல் உருவாக்கி வந்தது. பின்னர் 1960இல் இராமநாதன் இசைக் கழகம் மருதனார்மடத்தில் நிறுவப்பட்டதும், 1975இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்ததும் இதன் தொடர்ச்சியே.

லட்சுமிநாராயணா தம் பிள்ளைகளுக்கு வயலினைக் கற்பித்த முறைமை பற்றி ஒரு செய்தி அடிக்கடி சொல்லப்படுவதுண்டு. வயலின் பாடகனுக்குப் பக்கவாத்தியமாக மட்டும் நின்றுவிடலாகாது, தனித்தே முழுக் கச்சேரியை ஏற்கவல்ல கருவியாக அது உலக அரங்கில் நிலைபெற வேண்டும் என்பது அவர் கொண்ட இலட்சியமாம். இதனைத் தனிமனிதக் கனவாக மட்டும் விளக்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பக்கவாத்தியம் என்பது இசையியற் பிரிவினை மட்டுமன்று. அது மேடைச் சமூகத்தின் படிநிலை. யார் நடுவில் அமர்வது, யார் பக்கத்தில் அமர்வது, சன்மானம் எவ்வாறு பங்கிடப்படுவது, பெயர் எந்த அளவு எழுத்தில் அச்சாவது என்பவற்றையெல்லாம் அப்படிநிலை தீர்மானித்தது.

வயலினின் தென்னாட்டு வரலாற்றை நினைவுகூர்ந்தால் இது மேலும் துலங்கும். ஐரோப்பியர் வழிவந்த இக்கருவியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் கைக்கொண்டார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு 1834இல் சுவாதித் திருநாளிடமிருந்து தந்த வயலினைப் பரிசிலாகப் பெற்றார். ஆடற் கலையோடும் கோயிலோடும் பிணைந்த குலத்தில் வந்தவர் வடிவேலு என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மலைக்கோட்டைக் கோவிந்தசாமிப் பிள்ளையும் கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளையும் இக்கருவியின் ஒலியைச் செம்மைப்படுத்தினர். துவாரம் வெங்கடசாமி நாயுடு அதனைத் தனிக்கச்சேரிக்குரிய தகுதிக்கு உயர்த்தினார். ஆயினும் சென்னைச் சபா மேடையில் வயலின் பக்கத்திலேயே அமர்ந்திருந்தது. அம்மேடையின் நாளாந்த நெருக்குதலிலிருந்து கடலால் பிரிந்திருந்த ஓர் ஊரில், பக்கவாத்திய அழைப்புகளை எதிர்பார்த்து வாழவேண்டிய கட்டாயமற்ற ஓர் ஆசிரியர், வயலினை முதற்கருவியாக வைத்துக் கற்பித்தல் எளிதாயிற்று என நாம் கருதுகின்றோம். யாழ்ப்பாண வாழ்க்கை மேதையொருவரின் இளமைக்கு நேர்ந்த இடைநிகழ்ச்சி என எழுதுவோருக்கு இதுவே எமது மறுமொழி. தனி வயலின் என்ற எண்ணத்தின் வளர்ச்சியில் அக்காலம் ஓர் ஆக்கக் கூறு. ஆறாவது வயதில் மேடையேறிய சிறுவன் அக்கருவியைத் துணைக்கருவியாக எண்ணிப் பழகவில்லை.

1958 மே மாதத்தில் கலவரம் மூண்டபோது சுப்பிரமணியத்துக்குப் பத்து வயது. தமையன் எல். வைத்தியநாதனுக்குப் பதினாறு. தம்பி எல். சங்கருக்கு எட்டு. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறி இரண்டாண்டுகளே கழிந்திருந்தன. கொழும்பிலும் பொலன்னறுவையிலும் பிற இடங்களிலும் தமிழர் தாக்கப்பட்டனர். கொழும்பிலிருந்து அகதிகள் கப்பல்களிற் காங்கேசன்துறைக்குக் கொண்டுவரப்பட்டனர். யாழ்ப்பாணத்திலிருந்து தலைமன்னாருக்குப் புகையிரதத்திற் செல்பவர் வடபகுதியை விட்டுத் தெற்கே அநுராதபுர மாவட்டத்து மதவாச்சிச் சந்தி வரை சென்று, அங்கிருந்து மீண்டும் வடமேற்கே திரும்ப வேண்டும். ஒரு தமிழ்ப் பிரதேசத்திலிருந்து மற்றொரு தமிழ்ப் பிரதேசத்துக்கான புகையிரதப் பாதை அவ்வாறு வளைந்து கிடந்தது. அமைதிக் காலத்தில் அது வண்டி மாறும் சிரமம் மட்டுமே. 1958இல் அதே வளைவு எத்தகைய அச்சத்தைத் தோற்றுவித்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக் கொள்ளலாம்.

லட்சுமிநாராயணா குடும்பம் சென்னைக்குச் சென்றது. திரும்பிச் செல்ல ஓர் ஊரும், அங்கு உறவும், இசையுலகில் அறிமுகமும் அவர்களுக்கு இருந்தன. இவ்விடத்தில் எமது விமரிசனத்தின் மையப் பொருளுக்கு வருகின்றோம்.

அதே தலைமன்னார்த் துறை வேறொரு கூட்டத்தையும் கண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளூடே மாத்தளையை நோக்கிக் கால்நடையாகச் சென்று, வழிநெடுகக் கொள்ளைநோய்க்குப் பலியான தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிற்போடப்பட்டது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் நிறையுமுன், டிசம்பர் 22-23 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்குமிடையே ஓடிய இராமானுஜம் கப்பலில் அம்மக்கள் ஏற்றப்பட்டனர். தாயகம் திரும்புவோர் என்று பத்திரங்கள் அவர்களைக் குறித்தன. அவர்களிற் பெரும்பாலோர் பிறந்தது மலையகத்தில். இறங்கிய கரை அவர்கள் கண்டறியாதது.

அவர்களும் இசையைச் சுமந்தே சென்றனர். தப்பு, காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கதைப் பாடல் என்பன அக்கப்பலில் ஏறின. காமன் கூத்தில் தப்படிக்கும் கலைஞன் ஒருவன் அத்துறையைக் கடந்தமையை எந்த நூலும் எழுதவில்லை. வயலினோடு சென்ற பத்து வயதுச் சிறுவனின் இழப்பைச் சிறிதாக்குவது எமது நோக்கமன்று. இனவெறி இருவரையுமே அத்துறைக்கு விரட்டியது. எனினும் ஒருவரது புலப்பெயர்வு வாழ்க்கை வரலாற்றின் திருப்புமுனையாகவும், மற்றவரது புலப்பெயர்வு குடித்தொகைக் கணக்காகவும் பதிவாயின. கலை வரலாறு யாரை மனிதராகவும் யாரை எண்ணிக்கையாகவும் காண்கின்றது என்பதை இத்துறையைப் போல் தெளிவாகக் காட்டும் இடம் இலங்கையிற் பிறிதொன்று இல்லை.

இனி, மன்னார் மக்கள் பற்றி. அவர்களது மண் பிறர் கடந்து செல்லும் பாதையாகவே நூல்களில் வருகின்றது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் ஒருபுறமிருக்க, இத்தீவினதும் மாதோட்டத்தினதும் கரையூர்களில் வளமிக்க இசை நாடக மரபு ஒன்று இருந்து வந்துள்ளது. கத்தோலிக்க மக்களின் கூத்துகள் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு எனத் தம்முள் மெட்டு வேறுபாடு காட்டுவன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகிய நாடகங்களைப் பதிப்பித்து வெளிக்கொணர்ந்தமை தமிழாய்வில் ஒரு மைல்கல். கல்விமான்கள் பாமரர் கூத்தென்று ஒதுக்கியதை அவர் பல்கலைக்கழக மேசைக்குக் கொண்டுவந்தார். எனினும் பதிப்பிக்கப்பட்டது சொல். இசை ஏட்டுக்கு வெளியே அண்ணாவிமாரின் குரலிலேயே நின்றது.

இக்கரையின் இசையைக் கேட்க விரும்புவோர் தவக்காலத்தில் வரவேண்டும். யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் (1676–1742) இயற்றிய வியாகுலப் பிரசங்கம் கோயில்களில் ஓதப்படும். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே, ஒப்பாரியின் சாயலோடு, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கி இறங்கும் அக்குரலைக் கேட்பவருக்கு வயலினின் வில்லோட்டம் நினைவுக்கு வராமற் போகாது. தென்னிந்திய வித்துவான்கள் ஐரோப்பியக் கருவியொன்றில் எதற்காக மயங்கினர் என்பதற்கு இசையியலார் தரும் விடையும் இதுவே: மனிதக் குரலின் வழுக்கல்களையும் அசைவுகளையும் இடையறாது தொடரவல்லது அது. பேசாலையின் பாஸ்கு நிகழ்வுகளிலும் இத்தகைய புலம்பல் மரபு கேட்கின்றது.

கத்தோலிக்கமும் வயலினும் ஐரோப்பியர் கப்பல்களில் வந்தவை. கத்தோலிக்கம் இக்கரையிற் கரையார், முக்குவர், கடையர் முதலிய உழைக்கும் மக்களின் நாவில் தமிழாயிற்று. வயலின் சென்னையிலும் தஞ்சையிலும் வித்துவான்களின் கையில் தமிழாயிற்று. (மட்டக்களப்புப் பறங்கியரின் கப்பிறிஞ்ஞா ஆட்டத்தில் ஒலிக்கும் வயலின் வேறொரு கதை. கைவினைஞர்களான அம்மக்களின் கல்யாண வீடுகளில் அது எந்தச் சபையின் அனுமதியையும் நாடாமல் ஒலித்து வந்தது. நமது இசை வரலாறுகள் அதனைக் கருத்திற் கொள்வதேயில்லை.) இவ்விரு தமிழாக்கங்களும் தலைமன்னாரில் அரை நூற்றாண்டு ஒன்றையொன்று கடந்து சென்றன. புகையிரதத்தில் வித்துவான்கள் சென்றனர். பாதைக்கு அருகே பேசாலையில் அண்ணாவிமார் பாடினர். வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகள் அதன் தொடக்க தசாப்தங்களில் கருநாடக இசையையே மையமாகக் கொண்டிருந்தன. யாழ்ப்பாணச் சைவ மத்தியதர வர்க்கம் இசை என்று பெயரிட்டது அதனையே. மன்னார்க் கத்தோலிக்க மீனவரின் மெட்டுகளை அது பெயரிட்டு அழைக்கவில்லை. சமயம், சாதி, தொழில் மூன்றும் சேர்ந்தெழுப்பிய சுவர் இது. இச்சுவர் சுப்பிரமணியத்தின் ஆக்கமன்று. அவர் அதன் ஒரு பக்கத்திற் பிறந்து வளர்ந்தார்.

சென்னையில் அவர் வாழ்க்கை அறியப்பட்டதே. செம்பை வைத்தியநாத பாகவதர் முதலியோருக்கு வாசித்தார். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று வைத்தியரானார். 1974இல் இரவிசங்கர் முன்னின்று நடத்திய இந்திய இசை விழாக் குழுவில் ஐரோப்பா சென்றார். கலிபோர்னியாக் கலை நிறுவனத்தில் மேற்கத்திய இசையில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1985இல் சுபின் மேத்தா நடத்திய நியூயோர்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு வேத மந்திரங்களை அடிப்படையாகக் கொண்ட தமது ஆக்கத்தை வாசித்தார். யெகுதி மெனுகின், ஸ்தெபான் கிரப்பெல்லி ஆகியோரோடு இணைந்தார். 1988இல் பத்மசிறீ, 2001இல் பத்மபூஷண், 2025இல் பத்மவிபூஷண். தந்தையார் 1990இல் மறைந்தபின், 1992 முதல் அவர் பெயரால் உலக இசை விழா நடத்தி வருகின்றார்.

அவருடைய வாசிப்பின் தகைமை பற்றி ஐயத்துக்கு இடமில்லை. வில்லைப் பயன்படுத்தும் வகையில் இரு மரபுகளின் நுட்பத்தையும் ஒரே கையிற் கொண்டுவந்தவர் அவர். நீண்ட வில்லில் ஆலாபனையின் நிதானமும், துரித கதியில் மேற்கத்தியப் பயிற்சியின் துல்லியமும் அவர் வாசிப்பில் இணைகின்றன. இராகத்தைப் பல்லிய அமைப்பினுள் வைக்கும்போது எழும் சிக்கலையும் அவர் நேர்மையாகவே எதிர்கொண்டுள்ளார். ஒரே சுரத்தைப் பல கருவிகள் ஏந்தும்போது கமகம் தேய்கின்றது. கமகம் தேய்ந்த இராகம் வெறும் சுர வரிசையாகி விடும். தனி வயலினுக்குக் கமகத்தையும் பல்லியத்துக்குப் பரப்பையும் பங்கிட்டளித்தல் அவர் கண்ட தீர்வு. அது எப்போதும் வெற்றி பெறுவதில்லை. பல்லியம் பின்னணித் திரையாகச் சுருங்கும் இடங்கள் உள. அவ்விடங்களில் மேடையின் பழைய படிநிலையே திரும்பி வருகின்றது. இம்முறை நடுவில் இருப்பது வயலின், பக்கத்தில் இருப்பது எண்பது பேர் கொண்ட குழு.

எமது மனக்குறை வேறொன்று. உலகளாவிய இணைப்பு என்னும் கருத்தை அவர் ஆக்கங்கள் முன்வைக்கின்றன. அவ்விணைப்பின் ஒருமுனையில் வேத மந்திரம், மறுமுனையில் ஐரோப்பியப் பல்லியமும் அமெரிக்க யாசும். நடுவிலுள்ள கரைகள் அதில் இல்லை. உலக இசை என்னும் சந்தை கேட்பது தொன்மையையும் நவீனத்தையுமே. மாதோட்டத்து மீனவனின் மெட்டு இரண்டிலும் அடங்காது. ஆயினும் இதனை அவரது இயல்பென முடிவுகட்டுவதும் பொருந்தாது. பம்பாய்த் தெருச் சிறுவர் பற்றி மீரா நாயர் நெறியாண்ட சலாம் பம்பாய் (1988) படத்துக்கு இசையமைத்தவரும் அவரே. வீடற்ற சிறுவனின் தனிமையைப் பேசுமிடத்தில் அவர் வயலின், பல்லிய ஆக்கங்களில் எட்டாத எளிமையை எட்டுகின்றது. பத்து வயதில் ஊரை இழந்தவரின் இசை அது என்று கொள்வது மிகையாகாது.

தமையனார் வைத்தியநாதன் (1942–2007) இன்னொரு வழியிற் சென்றார். ஆலைத் தொழிலாளரின் வாழ்வைப் பேசிய ஏழாவது மனிதன் (1982) படத்திற் பாரதி பாடல்களுக்கு அவர் அமைத்த இசையைத் தமிழ் முற்போக்கு உலகம் நன்கறியும். சங்கர் 1970களின் நடுவில் சக்தி குழுவில் இணைந்து, பின்னர் இரட்டை வயலினை உருவாக்கினார். ஒரே வீட்டிற் பயின்ற மூவரும் மூன்று வேறு கேட்போர் கூட்டங்களைத் தேடிக்கொண்டனர். அம்மூன்று கூட்டங்களில் ஒன்றேனும் இலங்கையில் இருக்கவில்லை என்பதே 1958 விளைத்த இழப்பின் அளவு. மேதையொருவரை உலகுக்கு அளித்தோம் எனப் பெருமை பேசும் ஈழத்து எழுத்தாளர், ஓர் ஆசிரியரையும் அவர்வழி தோன்றியிருக்கக்கூடிய மாணவர் பரம்பரையையும் வட இலங்கை இழந்ததைக் கணக்கில் எடுப்பதில்லை.

கப்பற் போக்குவரத்து 1980களின் நடுப்பகுதிக்குள் போரினால் நின்றுபோயிற்று. 1983இன் பின் அதே கடலை மக்கள் இரவில் மீன்பிடிப் படகுகளிற் கடந்தனர். தலைமன்னாரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் சென்றவர்கள் மணற்றிட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, பின்னர் மண்டபம் முகாமை அடைந்தனர். முன்னர் பாதையோரத்தில் நின்று பிறர் கடப்பதைப் பார்த்த கரையோர மக்கள் இப்போது தாமே கடப்பவராயினர். மன்னாரின் முஸ்லிம் மக்களோ 1990 ஒக்டோபரில் தமிழ் இயக்கமொன்றினால் வெளியேற்றப்பட்டு, எதிர்த்திசையிற் புத்தளத்துக்குச் சென்றனர். துறை பற்றிய எந்த வரலாறும் இதனை விலக்கி எழுதப்படலாகாது.

2015 மார்ச் 14இல் தலைமன்னார்த் துறைக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. அன்று அத்துறையிற் கப்பல் நிற்கவில்லை. பாதையோரத்து ஊர்களிற் கூத்து மெட்டுகளை அறிந்த முதிய அண்ணாவிமார் சிலர் இருந்தனர். அம்மெட்டுகளைச் சுரப்படுத்த முன்வரும் ஆய்வாளருக்கு ஒரு வயலின் தேவைப்படும். ஆர்மோனியக் கட்டைகளில் அவற்றின் வழுக்கல்கள் அகப்படா.